மேற்கே இருந்து வந்த வெள்ளம்

கடலைப் பார்த்துக் காவல் இருந்தது தூத்துக்குடிச் சீமை. தண்ணீர் பின்வாசல் வழியாக வந்தது. 2023 டிசம்பரில் மூழ்கிய ஊர்களின் நிலையை எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. தாமிரபரணிக் கரையிலும் அதன் கிழக்கே உள்ள கடற்கரையிலும் பிடித்த மழை பகல் முழுக்க விடவில்லை, இரவும் விடவில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்துக் கணக்கெடுத்தபோது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாக 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒன்றரை ஆண்டு மழை ஒரே நாளில் இறங்கியிருக்கிறது. 95 சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் மட்டும் 95 கோடி லிட்டர் தண்ணீர். வானத்திலிருந்து நேராக விழுந்தது இவ்வளவு. ஆற்றிலும் ஓடையிலும் மேற்கே இருந்து வந்து சேர்ந்தது தனி.

அன்றைக்கு இரவிலிருந்து சென்னை, துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே கேள்வி: ஊர் எப்படி இருக்கு? பதில் சொல்ல ஆள் இருந்தார்கள், போன் இல்லை. மின்சாரம் போய், செல்போன் கோபுரங்கள் ஓய்ந்து, சாலைகள் அறுந்து, சில ஊர்கள் இரண்டு மூன்று நாள் வெளியுலகுக்கே தெரியாமல் கிடந்தன. தண்ணீர் வடிந்தபின் படம் எடுத்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள், போனார்கள். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் வந்தபாடில்லை. தெருக்கள் காய்ந்ததை வைத்து ஓர் ஊர் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. குளம், ஓடை, உப்பளம், கரிசல்காடு, முகத்துவாரம் என்று தண்ணீர் வந்த வழியெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பெயர் வைக்காத பேரிடர்

இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் கதை மன்னார் வளைகுடாவின் ஒவ்வொரு மீனவக் குடும்பத்திலும் இருக்கிறது. 1992 நவம்பர் 13-ஆம் தேதி ஒரு புயல் தூத்துக்குடி அருகிலேயே கரை கடந்தது. அப்போது தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை வைத்துத்தான் ஆற்றங்கரைப் பெரியவர்கள் இன்றும் மற்ற வெள்ளங்களை அளக்கிறார்கள். 2017-இல் ஒக்கி, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் போனபடியே எத்தனையோ மீனவர்களைக் கொண்டுபோனது. அதனால் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டு, வள்ளத்தைக் கரையேற்றுவது இங்கே உடம்போடு ஊறிய பழக்கம்.

2023 டிசம்பரில் வந்தது புயல் இல்லை. குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலத்தில் நிலைகொண்டிருந்த ஒரு மேலடுக்குச் சுழற்சி. அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள். இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. மாநிலத்தின் கண்ணும் கவலையும் அங்கேயே இருந்தன. தெற்கே திரண்டிருந்தது பெயரில்லாத மழை என்பதால் அதன் கனத்தை ஊர் உணரவில்லை.

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் அந்த எச்சரிக்கையின் அமைப்பிலேயே ஒரு போதாமை இருக்கிறது. ஒரு நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதற்கு ‘அதி கனமழை’ என்று பெயர். எச்சரிக்கையில் அதற்கு மேல் வேறு நிறம் கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு, 95-க்கும் அதே சிவப்பு. முன்னறிவிப்பு போதவில்லை என்று மாநில அரசும், எச்சரித்தோம் என்று ஆய்வு மையமும் பிறகு வாதாடிக்கொண்டன. அந்த வாதத்தில் யார் ஜெயித்தாலும் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தன் தெருவுக்கு எத்தனை அடி தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் குடியிருப்பவருக்கு வேண்டிய சேதி. அதைச் சொல்ல யாரும் இல்லை.

ஆறு இறங்கிய வழி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி 128 கிலோமீட்டர் ஓடுகிறது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மலையடியில் இருக்கின்றன. அணைக்கு மேலே பெய்கிற மழையை ஓரளவு தேக்கி நிறுத்தலாம். 2023-இல் அணைகளுக்குக் கீழே, சமவெளியிலேயே, ஆண்டுக்கணக்கான மழை கொட்டியது. அதைப் பிடித்து வைக்கக் கீழே ஓர் அணை கிடையாது. சீவலப்பேரியில் சிற்றாறும் வந்து கலக்க, நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலான வெள்ளம் கிழக்கு நோக்கி இறங்கியது.

ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. தென்கால் பக்கம் கடம்பா குளம். வடகால் பக்கம் கோரம்பள்ளம் குளம் வரை தண்ணீர் போகும். மழை குறைந்த நாட்டில் ஆற்றுத் தண்ணீரைக் குளம் குளமாகப் பங்கிட்டுக் காத்துவைக்கிற ஏற்பாடு இது. அதே ஏற்பாடுதான் வெள்ளத்தையும் பங்கிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள குளத்தில் இடம் வேண்டும், கரையில் பலம் வேண்டும், மறுகாலில் தடை இருக்கக் கூடாது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மணலையும் அமலைச் செடிகளையும் வெளியேற்றச் சொல்லி மக்கள் எத்தனையோ காலம் போராடினார்கள். 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டுக்குப் பிறகுதான் தூர்வாரும் வேலை நடந்தது. ஓர் அணைக்கட்டைத் தூர்வாரவே தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது என்றால், பெயர் தெரியாத நூறு சிறு குளங்களின் கதி என்னவாக இருக்கும்? டிசம்பர் 18 அன்று அந்தக் குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. மேல் குளம் உடைந்த வேகத்தில் கீழ்க் குளம் தாங்காது. ஒரு கரை போனால் வரிசையே போகும்.

ரயிலும் புதுக்குடியும்

17-ஆம் தேதி இரவு 8.25-க்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது செந்தூர் எக்ஸ்பிரஸ். சுமார் 800 பயணிகள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு எத்தனை உயிரைக் காத்தது என்பது விடிந்தபிறகு தெரிந்தது: செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் இருப்பது புதுக்குடியில். பாதை அறுபடும் முன்பு முந்நூறு பேர் வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மீதி ஐந்நூறு பேர் நிலையத்திலும் ரயில் பெட்டிகளிலும் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்து விழுவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு போட்டது புதுக்குடி மக்கள். தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்க, வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டி, ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 19-ஆம் தேதி பேரிடர் மீட்புப் படையினர் வந்து பயணிகளை நடத்திக் கூட்டிப்போய், வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

நாடே அந்த ரயிலைப் பார்த்தது. பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அதே இரவில், அதே ஆற்றங்கரையில், கேமரா போகாத ஊர்களில் மச்சு வீட்டு மாடியிலும் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூட மேல்தளத்திலும் எத்தனையோ ஆயிரம் பேர் அதே நிலையில் இருந்தார்கள். அவர்களைத் தேடி முதலில் வந்தவர்களில் கடற்கரை மீனவர்களும் உண்டு. கடலில் ஓட வேண்டிய படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருக்களில் இறக்கினார்கள். புயல் நேரத்தில் மீனவரைக் காக்க ஊர் போவது வழக்கம்; அந்த முறை ஊரைக் காக்க மீனவர் வந்தார். அரசு இதை நன்றியோடு நினைத்தால் மட்டும் போதாது. எந்தக் கடற்கரை ஊரின் எத்தனை படகு, எந்த ஆற்றங்கரை ஊருக்கு, யார் செலவில், எந்த வழியாக என்று எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும்.

ஏரல், ஆத்தூர், காயல்பட்டினம்

ஆற்றின் கீழ்க்கரையில் ஏரல் ஒரு வியாபார ஊர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கடைத்தெரு அதுதான். பொங்கலுக்குச் சரக்கு எடுத்து அடுக்கியிருந்த நேரம். துணியும் மளிகையும் பாத்திரமும் சேற்றில் போயின. ஆற்றுப் பாலத்தின் வழி துண்டானது. கடை வைத்திருப்பவர் நிவாரணப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. அவருடைய நஷ்டம் குடிசை இடிந்த கணக்கிலும் சேராது, பயிர் அழிந்த கணக்கிலும் சேராது. கடன் வாங்கிச் சரக்கு போட்டவர் அந்தக் கடனையும் கட்டி, மறுபடி சரக்குக்கும் கடன் வாங்குகிறார். ஓர் ஊரின் கடைத்தெரு தேறாமல் அதைச் சுற்றியுள்ள இருபது ஊரும் தேறாது.

அதற்குக் கிழக்கே ஆத்தூர். 2023-இல்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு இறுதியில் கொடிக்கால்களில் வெள்ளம். வெற்றிலைக் கொடி ஈரத்தை விரும்பும். தேங்கும் தண்ணீரைத் தாங்காது, வேர் அழுகிவிடும். ஆற்றங்கரை நெடுக வாழைத்தார் வெட்டுக்கு இருந்த தோட்டங்கள் சாய்ந்தன. பிசானத்துக்கு நட்டிருந்த நெல் மூழ்கியது. சில வயல்களில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல், பயிரோடு மண்ணையும் மூடிவிட்டது. பயிருக்கு இழப்பீடு உண்டு. வயலின் மேல் மேவிய மணலை அள்ளி, பழைய மண்ணை மீட்க ஆகும் செலவுக்கும் அதன் பிறகு குறையும் விளைச்சலுக்கும் யார் பொறுப்பு? மணல் மேவிய நிலத்துக்காரர், வடிந்த தண்ணீரோடு வெள்ளம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்.

அந்த நாளின் உச்ச மழையை வாங்கியது காயல்பட்டினம். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் பார்த்து எழுதிய காயல் துறைமுகத்தின் வழிவந்த கரை இது. முத்துக்கும் குதிரைக்கும் பேர்போன கரை. இன்றும் இந்த ஊரின் பிள்ளைகள் இலங்கையிலும் ஹாங்காங்கிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் செய்கிறார்கள். 18-ஆம் தேதி அவர்களுக்கு உம்மாவின் குரல் கேட்கவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நெருக்கமான தெருக்களில் விழுந்த மழை கடலுக்குப் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் நின்றது. பக்கத்தில் இருக்கும் தேரிக்காடுகளின் செம்மணல் எவ்வளவு மழையையும் உறிஞ்சும். சிமென்ட் போட்ட தெரு ஒரு துளியும் உறிஞ்சாது.

காயல்பட்டினம் சொல்லித் தரும் பாடம் சேதி பற்றியது. ஊரின் நிலையை வெளியே சொல்ல ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். செல்போன் கோபுரத்தின் ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது, காவல் நிலையத்து வயர்லெஸ் தரைத்தளத்தில் இருக்கிறதா மாடியில் இருக்கிறதா, எந்தக் கட்டடத்தில் செயற்கைக்கோள் போன் இருக்கிறது: இவை சின்ன விஷயங்கள் மாதிரித் தெரியும். உதவி எங்கே முதலில் போக வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. சேதி வராத ஊருக்குக் கடைசியாகத்தான் ஆள் வருகிறார்கள். பெரும்பாலும் அந்த ஊரில்தான் அடி அதிகமாக இருக்கிறது.

தூத்துக்குடி நகரம்

தூத்துக்குடி மாநகரைத் தாமிரபரணி தொடவில்லை. அங்கே வந்தது வேறு தண்ணீர். கயத்தாறு, மணியாச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் பூமியில் பெய்த மழை காட்டாற்று ஓடைகளாகத் திரண்டு கிழக்கே இறங்கியது. கோரம்பள்ளம் குளம் தாங்காமல் உடைந்தது. அந்தோணியார்புரத்தில் திருநெல்வேலி நெடுஞ்சாலை அறுந்தது. குளத்து மறுகாலை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய உப்பாத்து ஓடை கரைமீறி, முத்தையாபுரம் பக்கம் புகுந்தது.

நகருக்குள் பிரையண்ட் நகர், முத்தம்மாள் காலனி, சிதம்பர நகர் என்று தாழ்ந்த பகுதிகளெல்லாம் நின்ற தண்ணீரில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர். மழை நின்று ஒரு வாரம் கழித்தும் பல தெருக்களில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். நகரின் கழிவையும் மழையையும் சேர்த்துச் சுமப்பது பக்கிள் ஓடை. கடல் மட்டத்தைவிடச் சில அடியே உயர்ந்த, சரிவே இல்லாத ஊரில், கடல் பொங்கும் நேரத்தில் ஓடை முகத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். வடக்கும் தெற்கும் உப்பளம். மேற்கே இருந்து வருகிற தண்ணீருக்கு நகரம்தான் பாதை.

இங்கே ஒரு கசப்பான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வறண்ட ஊருக்குத் தண்ணீரின் ஞாபகம் குறைவு. குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்து நின்ற நகரம் இது. பத்து ஆண்டில் ஒரு முறை நிறைகிற ஓடையைப் பார்த்தால் வீணாகக் கிடக்கும் நிலமாகத் தெரியும். ஓரத்தில் ஒரு வீடு, பிறகு ஒரு தெரு, பிறகு மின் இணைப்பு, வீட்டு வரி. பட்டாவும் ஒப்புதலும் கொடுத்தது அரசாங்கம். மலிவாக இருக்கிறது என்று வாங்கியது ஏழையும் நடுத்தர வர்க்கமும். ஓடையை மீட்பது என்ற பெயரில் அவர்களை மட்டும் ஓரிரவில் வெளியேற்றுவது நியாயமாகாது. மாற்று இடம் நகருக்குள்ளேயே கொடுத்து, ஓடையின் பழைய அகலத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். சர்வே வரைபடத்தில் ஓடையின் அகலம் இன்னும் இருக்கிறது. அதைத் தரையில் கல் நட்டுக் காட்டுவதற்குப் பணம் அதிகம் வேண்டாம், மனம் வேண்டும்.

கரைந்துபோன உப்பு

உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடி இந்தியாவில் பேர்பெற்றது தூத்துக்குடி. வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரை கடற்கரையோரம் பாத்திகள். தை பிறந்ததும் பாத்தியைச் செப்பனிட்டு, காலால் மிதித்து இறுக்கி, தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். மாசி தொடங்கி வெயில் காலம் முழுக்க உப்பு வாருவது. ஐப்பசி பிறந்தால் வேலை ஓயும். வாரிய உப்பைத் தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்து, மூடிவைத்து, விலை பார்த்து விற்பார்கள்.

டிசம்பர் 18-ஆம் தேதி வந்த வெள்ளம் அந்த அம்பாரங்களைக் கரைத்தது. ஓர் ஆண்டு முழுக்க வெயிலில் நின்று வாரிய உழைப்பு ஒரு பகலில் கடலுக்கே திரும்பியது. பாத்திகளின் வரப்பு உடைந்து, மேலே சேறும் மணலும் படிந்தது. உப்புப் பாத்தியில் சேறு படிந்தால் அதை வழித்து எடுத்து, தரையை மறுபடி இறுக்கி, நல்ல உப்பு விளையும் பக்குவத்துக்குக் கொண்டுவர நாள் பிடிக்கும். உப்பள முதலாளிக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் நஷ்டம்; கூலிக்கு வாரும் பெண்ணுக்கு வேலையே இல்லை.

ராஜம் கிருஷ்ணன் 1979-இல் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் இந்த உப்பளத்து மக்களைப் பற்றியது. கால் வெடிப்பும் கண் கூச்சமும் நாள் கூலியும் அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருக்கின்றன. மழை மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை என்று தமிழக அரசு 2022-இல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அது வழக்கமான மழைக்காலத்துக்கு எண்ணிய தொகை. வெள்ளம் மழைக்காலத்தையே நீட்டிவிடுகிறது. தையில் தொடங்க வேண்டிய வேலை தள்ளிப்போகிறது. தள்ளிப்போன ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் வீட்டில் வட்டிக் கடன் ஏறுகிறது. உப்பளத்தின் நிலையை டிசம்பரில் போய்ப் பார்த்தால் பாதிதான் தெரியும். அடுத்த மாசியில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று எண்ணினால் மீதியும் தெரியும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கரிசல்

கட்டபொம்மனின் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிவந்து, படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள். கோட்டைக்கு வெளியே விரிந்து கிடப்பது மானாவாரிக் கரிசல். கடலும் ஆறும் இல்லாத இந்த மண்ணுக்குப் பருவமழைதான் ஒரே வரவு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மார்கழியில் உளுந்தும் பாசியும் காய்பிடித்து, மக்காச்சோளம் கதிர் முற்றி நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மழை வந்தது.

கரிசல் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் மண். அளவான மழையில் அதுவே வரம். பேய்மழையில் அதுவே சாபம். நாள்கணக்காக நின்ற ஈரத்தில் செடி பழுத்து, காய் செடியிலேயே முளைத்தது. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரம் முழுக்க இதே கதை. கடற்கரை வெள்ளம் என்று சொன்னதால் இந்தக் காட்டின் நஷ்டம் கண்ணில் படவே தாமதமானது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-க்கும் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய 1801-க்கும் பிறகும் இங்கே மக்கள் ஏர் பூட்டினார்கள். இந்த முறையும் அடுத்த புரட்டாசிக்கு விதைத்துவிட்டார்கள். அவர்களுடைய உறுதியைக் காட்டி அரசின் கடமையைக் குறைத்துவிடக் கூடாது. காட்டு ஓடைகளில் தடுப்பணையும், கண்மாய்களில் தூர்வாரலும் இங்கே நடந்தால், கரிசலுக்கும் தண்ணீர் மிஞ்சும். கீழே இருக்கும் தூத்துக்குடிக்கும் பாரம் குறையும். நகரத்தைக் காக்கும் வேலை நகருக்கு நாற்பது கிலோமீட்டர் மேற்கே தொடங்குகிறது.

வளைகுடா

வெள்ளம் போய்ச் சேர்ந்தது மன்னார் வளைகுடாவில். ஒரு காலத்தில் இதன் பார்களில் முத்துக் குளித்தார்கள்; தூத்துக்குடியில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது. 1986-இல் இந்தத் தீவுகளும் பவளப் பாறைகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைத் திட்டுகள் போட வேண்டியிருந்தது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததன் பலன் அது.

தெளிந்த உப்புநீரில் வாழும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் சேற்றுநீர் ஆகாது. சேறு படிந்தால் வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாமல் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் குஞ்சு மீனும் இறாலும் தங்காது. வலையை இழந்தவர், எஞ்சின் பழுதானவர், பல நாள் கடலுக்குப் போகாதவர் என்று மீனவரின் உடனடி நஷ்டத்தைக் கணக்கிடலாம். கடலின் அடியில் நடந்ததை அடுத்த ஆண்டுகளின் மீன்பாடுதான் சொல்லும். அதைத் தொடர்ந்து அளந்து, மீனவரிடமே சொல்லவும் வேண்டும்.

இந்தக் கரையே வெள்ளம் கட்டிய கரை என்பதையும் மறக்கக் கூடாது. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் கொற்கையிலும் பழைய காயலிலும் தோண்டிப் பார்த்து எழுதியதும் இந்த இடமாற்றத்தைத்தான். தாமிரபரணிக்கு வெள்ளம் வருவது இயல்பு. அதற்கு வழி இல்லாமல் செய்தது நாம்.

யார், எப்போது கணக்கெடுப்பது?

வெள்ளம் வடிந்ததும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிக் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் மற்ற பகுதிகளில் 1,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். மத்திய அமைச்சரும் வந்து பார்த்தார். முதல்வரும் வந்து பார்த்தார். எவ்வளவு கேட்டோம், எவ்வளவு கொடுத்தார்கள் என்று டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த வாக்குவாதம் மாதக்கணக்கில் போனது. 2024 டிசம்பரில் மறுபடி தாமிரபரணியில் வெள்ளம். கரையோர ஊர்கள் மறுபடி மூட்டை கட்டின.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள் அமைக்கும் வேலையைத் தமிழக அரசு எடுத்தது. 2009-இல் தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு வெள்ளநீர்க் கால்வாய் 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து 75 கிலோமீட்டர் ஓடி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட ஊர்களுக்கு உபரி நீரைக் கொண்டுபோகிறது. வறட்சிக்கு அது மருந்து. ஆனால் நொடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் கன அடி போகும் கால்வாய், லட்சம் கன அடிக்கு மேல் வரும் வெள்ளத்தைத் தணிக்காது. ஒரு பெரிய திட்டத்தால் தீராத இந்த வேலை, நூற்றுக்கணக்கான சிறு வேலைகளால் தீரும்.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் ஊர் தன் நிலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கிராமசபையில் இவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும்: எங்கள் குளத்தின் கரை கடைசியாக எந்த ஆண்டு பலப்படுத்தப்பட்டது? மடையும் மறுகாலும் திறக்கிற நிலையில் இருக்கிறதா? மேல் குளம் உடைந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும், அதை யார் சொல்வார்கள்? மின்சாரம் போனால் பேச எந்த வழி? ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது? 2023-இல் எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று சுவரில் குறித்திருக்கிறார்களா? மாநகராட்சி வார்டுக் கூட்டத்திலும் இதே கேள்விகள். பதில்களை எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அதே பட்டியலை எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

அரசும் தன் கணக்கெடுப்பை ஒரு வாரத்தோடு முடிக்கக் கூடாது. வடிந்தவுடன் ஒரு முறை. அடுத்த விதைப்புக்கும் உப்பு வாரலுக்கும் முன்னால் ஒரு முறை. ஓர் ஆண்டு கழித்து ஒரு முறை. முதல் கணக்கு உயிரையும் வீட்டையும் காட்டும். இரண்டாவது, தொழிலைக் காட்டும். மூன்றாவது, கடனையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் காட்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்து நிவாரணம் கொடுக்கும் நாடுதான் தன் மக்களை மதிக்கிற நாடு.

வங்கக் கடலும் அரபிக் கடலும் சூடேறி வருகின்றன. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் கொட்டவும் செய்யும். 95 சென்டிமீட்டர் மறுபடி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வந்தால், அது 2023-இல் வந்த அதே வழியில்தான் வரும்: குளம் வழியாக, ஓடை வழியாக, மேற்கே இருந்து. அந்த வழி நமக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகும் அடைத்தே வைத்திருந்தால், அடுத்த வெள்ளத்தின் பழியை மழைமேல் போட நமக்கு உரிமை இல்லை.